ஒரே ஆயிலை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்: வீட்டு ஜெனரேட்டர் என்ஜினில் ஆயில்களை ஒப்பிடும் முறை

உதிரிபாகக் கடையிலோ இருசக்கர வாகனப் பட்டறையிலோ சற்று நேரம் நின்றால், எந்த என்ஜின் ஆயில் நல்லது என்ற கேள்விக்குப் பல விடைகள் காதில் விழும். விலை கூடியதே நல்லது என்பார் ஒருவர். விரலிடையே தொட்டு இழுத்துப் பார்த்து, நூல் போல நீள்வதுதான் தரமான ஆயில் என்பார் மற்றொருவர். ஆயில் மாற்றிய மறுநாளே என்ஜினின் ஓசை அடங்கிவிட்டது என்று மூன்றாமவர் சாட்சி சொல்வார். இவர்களுள் யாரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை என்பதும் உண்மை. பழைய பெட்ரோல் என்ஜின் ஒன்றையும் ஆல்டர்னேட்டர் ஒன்றையும் இணைத்து வீட்டிலேயே ஜெனரேட்டர் கட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும், இந்தக் கேள்வியை எண்களைக் கொண்டு அணுகும் வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பை எப்படிப் பயன்படுத்துவது, அது எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பவற்றைப் புதியவர்களுக்கு விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கு நான் மனத்தில் வைத்துப் பேசும் என்ஜின், ஹோண்டா ஜி.எக்ஸ். 200 வகையைச் சேர்ந்த, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின். சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 54 மில்லிமீட்டர், கொள்ளளவு 196 சி.சி. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் செய்த என்ஜின்கள் தண்ணீர் பம்புகளிலும் மருந்து தெளிப்பான்களிலும் சிறு ஜெனரேட்டர்களிலும் இருப்பதால், பழையதாக ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினமன்று. இதற்குத் தேவைப்படும் ஆயில் ஏறத்தாழ 0.6 லிட்டர் மட்டுமே. ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற நீட்சி, ஒவ்வொரு சுற்றிலும் அடித்தொட்டியில் உள்ள ஆயிலை வாரி இறைக்கும். அந்தச் சிதறலே எல்லாப் பாகங்களுக்கும் மசகாகிறது.

காரையோ பைக்கையோ விட்டுவிட்டு ஜெனரேட்டரை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? சாலையில் ஓடும் வண்டியின் வேகம், மேடு பள்ளம், எதிர்க்காற்று, டயரின் காற்றழுத்தம், ஓட்டுபவரின் கை என எல்லாமே கணத்துக்குக் கணம் மாறும். ஜெனரேட்டரோ இருந்த இடத்திலேயே ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் இரு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழல வேண்டும் என்பதால், கவர்னர் அந்த வேகத்தை ஏறத்தாழ மாறாமல் வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ஜின் செய்யும் வேலை மின்சாரமாக வெளிவருகிறது. என்ஜின் சோதனைக்கூடங்களில் வேலையை அளக்க டைனமோமீட்டர் என்ற விலையுயர்ந்த கருவி இருக்கும். நம்மிடம் அதன் இடத்தில் ஆல்டர்னேட்டரும், வீட்டு மின்வாரிய மீட்டரைப் போன்ற ஒரு யூனிட் மீட்டரும் இருக்கின்றன. செலவான பெட்ரோலைத் தராசில் நிறுத்து, வெளிவந்த மின்சாரத்தை மீட்டரில் பார்த்து, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் பெட்ரோல் என்று வகுத்துவிட்டால், ஒப்பிடத்தக்க ஓர் எண் கைக்கு வந்துவிடுகிறது.

மின்பளுவாகக் குண்டு பல்புகளை விடத் தண்ணீர் சூடாக்கும் 1500 வாட் ஹீட்டர் ராடு சிறந்தது. பல்பு இழையின் மின்தடை சூட்டுக்கேற்ப வெகுவாக மாறும். ஹீட்டரின் நைக்ரோம் கம்பியில் அந்த மாற்றம் மிகச் சிறியது. ராடு எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும், ஆவியாகும் நீரை அவ்வப்போது நிரப்ப வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஜெனரேட்டரை மூடிய அறையில் ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சோதனைக்கான மின்சாரத்தை வீட்டு வயரிங்கில் இணைப்பதும் கூடாது.

ஆயில் என்ன செய்கிறது?

ஒப்பிடத் தொடங்குவதற்கு முன், ஒப்பிடப்படுவது எது என்று தெரிந்திருக்க வேண்டும். 1883-இல் இங்கிலாந்தில் ரயில் வண்டிகளின் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்த பீச்சம் டவர் என்ற பொறியாளர், ஆயில் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை இட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், அந்தத் துளை வழியாக ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை பிதுங்கி வெளியேறியது. மரக்கட்டையால் அடைத்தார்; அதுவும் நிற்கவில்லை. அந்த இடத்தில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்திய பிறகே உண்மை வெளிப்பட்டது: சுழலும் அச்சு, தன்னோடு ஆயிலை இழுத்துச் சென்று குறுகலான இடைவெளியில் திணிக்கிறது, அப்படித் திணிக்கப்பட்ட ஆயில் அழுத்தம் பெற்று, மேலே உள்ள பாரம் முழுவதையும் தாங்கி, இரு உலோகங்களையும் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. மூன்றாண்டுகள் கழித்து 1886-இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகச் செல்லும் காரின் டயர், தரையை விட்டு நீர்ப்படலத்தின் மேல் ஏறி வழுக்குவதும் இதே நிகழ்வுதான். சாலையில் அது ஆபத்து, என்ஜினுக்குள் அதுவே பாதுகாப்பு.

இந்தப் படலம் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: வேகம், பாரம், ஆயிலின் பாகுநிலை. பாகுநிலை என்பது ஒரு திரவம் ஓட மறுக்கும் அளவு. தேனுக்கு அதிகம், தண்ணீருக்குக் குறைவு. பாகுநிலை கூடினால் படலம் தடிக்கும், உலோகம் காக்கப்படும். ஆனால் அந்தத் தடித்த படலத்தைத் தள்ளிக்கொண்டு நகர்வதற்கே என்ஜின் தன் ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிட வேண்டியிருக்கும். பாகுநிலை குறைந்தால் பெட்ரோல் மிச்சமாகும். படலம் மெலிந்து உலோகங்கள் உரசிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். ஆயில் தேர்வில் உள்ள இழுபறி முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையேதான் நடக்கிறது.

பிஸ்டன் தன் ஓட்டத்தின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நிற்கும் கணத்தில் வேகம் இல்லை என்பதால் படலமும் ஏறத்தாழ இல்லாமல் போகிறது. அங்கே உலோகத்தைக் காப்பது பாகுநிலையைக் காட்டிலும் ஆயிலில் கலந்துள்ள வேதிப்பொருள்களே. துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட ஒரு சேர்மானம், சூட்டிலும் உரசலிலும் சிதைந்து, உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் பூச்சாகப் படிகிறது. டப்பாவின் மேல் பெரிதாக அச்சிடப்பட்ட எண்கள் இந்தச் சேர்மானத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அந்த எண்கள் சொல்வது பாகுநிலையை மட்டுமே. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே300 வகைப்பாட்டின்படி, 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுநிலையின் அலகு) இருந்தால் அது 30 வகை, 12.5 முதல் 16.3-க்குள் இருந்தால் 40 வகை. 10டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால், முன்னால் உள்ள 10டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அந்த ஆயில் மைனஸ் 25 டிகிரியில் என்ஜினைச் சுழல விடுமா என்பதற்கான சோதனையின் முடிவு அது. ஊட்டியில் உறைபனி விழும் இரவில்கூட அந்தக் குளிரின் பக்கத்தில் நாம் போவதில்லை. ஆயினும் அந்த முன் எண் நமக்கு முற்றிலும் பயனற்றதன்று. எண் குறையக் குறைய, காலையில் முதல் கயிற்றை இழுக்கும்போது ஆயில் சற்று இளகிய நிலையில் இருக்கும் என்ற அளவில் அதற்குப் பொருள் உண்டு.

இதிலிருந்து புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரே 30 வகையில் இரண்டு நிறுவனங்களின் ஆயில்களை வாங்கி, சூடான என்ஜினில் பெட்ரோல் செலவை ஒப்பிட்டால், பெரும்பாலும் ஒரே பாகுநிலையை இரண்டு முறை அளக்கிறோம். அதே வகைக்குள்ளேயே ஒன்று 9.5, மற்றொன்று 12.3 என்று இருக்கவும் கூடும் என்பதால், நிறுவனத்தின் வேறுபாடு என்று நாம் நினைப்பது அந்த இடைவெளியாகவும் இருக்கலாம். ஒவ்வோர் ஆயிலுக்கும் நிறுவனம் வெளியிடும் தரவுத்தாளில் 40 டிகிரியிலும் 100 டிகிரியிலும் உள்ள பாகுநிலை தரப்பட்டிருக்கும். முதலில் படிக்க வேண்டியது அதைத்தான், விளம்பரத்தை அன்று.

எதிர்பார்க்கத்தக்க வேறுபாடு எவ்வளவு?

அளக்கும் முன்பே காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1500 வாட் மின்சாரம் வெளியே வர வேண்டுமானால், ஆல்டர்னேட்டரின் திறன் 75 விழுக்காடு என்று கொண்டால், என்ஜினின் தண்டு 2000 வாட் தர வேண்டும். 196 சி.சி. என்ஜின் 3000 சுற்றில் தன் சொந்த உராய்வுக்கும் காற்றை உள்ளிழுத்து வெளித்தள்ளுவதற்கும் ஏறத்தாழ 500 வாட் செலவிடுகிறது என்று கொள்ளலாம். ஆக, பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும் மொத்த வேலை 2500 வாட். இப்போது நல்ல ஆயில் ஒன்று அந்த 500 வாட்டை 5 விழுக்காடு குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வில் 5 விழுக்காடு என்பது உண்மையிலேயே பாராட்டத்தக்க சாதனை. ஆனால் மிச்சமாவது 25 வாட். 2500-இல் அது 1 விழுக்காடு. ஒரு யூனிட்டுக்கு 500 கிராம் பெட்ரோல் செலவழிக்கும் ஜெனரேட்டரில், நாம் தேடுவது 5 கிராம்.

ஐந்து கிராமைக் காட்டும் தராசு சமையலறையிலேயே இருக்கிறது. அது பெரிய தடையன்று. அந்த 5 கிராமை ஆயில் அல்லாத வேறு எவையெல்லாம் உண்டாக்கக்கூடும் என்பதுதான் கேள்வி. ஹீட்டருக்குச் செல்லும் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 232 வோல்ட்டாக உயர்ந்தால், மின்திறன் வோல்ட்டின் இருமடிப்படி கூடும் என்பதால், பளு 1.7 விழுக்காடு அதிகமாகிவிடும். யூனிட் மீட்டர் இந்தக் கூடுதலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் என்பதாலேயே வாட்டை ஊகிக்காமல் யூனிட்டை அளக்கச் சொன்னேன். காலையில் 25 டிகிரியாக இருந்த காற்று பிற்பகலில் 35 டிகிரி ஆகும்போது, அதன் அடர்த்தி 3 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. கார்புரேட்டருக்கு அதை உணரும் அறிவு இல்லாததால், காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம் தானாகவே மாறுகிறது. பெட்ரோலும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எத்தனாலில் உள்ள ஆற்றல், அதே அளவு பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கும் இடையே மட்டும் 3 விழுக்காட்டை ஒட்டிய ஆற்றல் வேறுபாடு உண்டு. நாம் தேடும் 1 விழுக்காட்டை விட இவை ஒவ்வொன்றும் பெரியவை.

ஆயிலின் வெப்பநிலை இவற்றுக்கெல்லாம் மேலான குறுக்கீடு. 90 முதல் 100 டிகிரியை ஒட்டிய நிலையில், ஆயில் 10 டிகிரி சூடேறினால் அதன் பாகுநிலை நான்கில் ஒரு பங்குக்கு அருகில் குறைந்துவிடும். 30 வகைக்கும் 40 வகைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை, ஏறத்தாழ 15 டிகிரி சூடே விழுங்கிவிடும் என்பது இதன் பொருள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: கெட்டியான ஆயில் தன்னையே கலக்கிக்கொள்வதில் கூடுதலாகச் சூடாகிறது, சூடானதால் இளகுகிறது, இளகியதால் மெல்லிய ஆயிலை நோக்கி நகர்ந்துவிடுகிறது. ஆகவே ஆயில் அளவு பார்க்கும் மூடியில் துளையிட்டு, வெப்பநிலை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிள் ஒன்றை அடித்தொட்டி வரை இறக்கி, ஒவ்வோர் ஓட்டத்திலும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பி, சுழலும் பாகங்களில் பட்டுவிடாதபடி முதலில் என்ஜினைக் கையால் சுற்றிப் பார்ப்பது அவசியம். என்ஜின் கிளப்பிய உடனே அளப்பதும் வீண். வெப்பநிலை ஏறி ஓரிடத்தில் நிலைத்த பிறகே கடிகாரத்தைத் தொடங்க வேண்டும்.

ஒரே ஆயில், இரண்டு முறை

இத்தனை குறுக்கீடுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அடக்க வீட்டில் இருப்பவர்களால் இயலாது. அடக்க முடியாவிட்டாலும் அவற்றின் மொத்த அளவை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. புதிய ஆயிலை வாங்குவதற்கு முன், ஏற்கெனவே உள்ள ஆயிலையே மீண்டும் மீண்டும் ஓட்டி அளப்பதுதான் அந்த வழி. ஆயில் மாறவில்லை, ஆனால் எண் மாறும். அந்த மாற்றம் முழுவதும் குறுக்கீடுகளின் விளைவு. இதைச் சோதனையின் நடுக்கம் என்று அழைப்போம்.

விளக்கத்துக்காகச் சில கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரே ஆயிலை நான்கு முறை ஓட்டியதில், யூனிட்டுக்கு 496, 503, 499, 505 கிராம் என்று வந்தன. இவற்றின் பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் இடையே 9 கிராம். அடுத்து விலை கூடிய புதிய ஆயிலை ஊற்றி ஒருமுறை ஓட்டியதில் 494 கிராம் வந்தது. முன்பு வந்த எல்லா எண்களையும் விட இது குறைவு என்பதால், புதிய ஆயில் வென்றுவிட்டது என்று அறிவிக்கத் தோன்றும். ஆனால் பழைய ஆயிலே 505-லிருந்து 496 வரை தானாக இறங்கியிருக்கிறது; அதே ஆயிலை ஐந்தாவது முறை ஓட்டியிருந்தால் 494 வந்திருக்காது என்று எதை வைத்துச் சொல்வது? புதிய ஆயிலையும் நான்கு முறை ஓட்டி, அந்த நான்கும் 485-ஐ ஒட்டியே விழுந்தால், அப்போது பேசலாம். இரண்டு கூட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் வரை, முடிவு சொல்லாமல் இருப்பதே சரியான முடிவு.

எனது கொட்டகையில் இந்தப் பாடத்தை நான் தலைகீழாகவே கற்றேன். முதல் ஆயிலைப் பிற்பகல் வெயிலிலும், இரண்டாவதை மழை பெய்து ஓய்ந்த மாலையிலும் ஓட்டிவிட்டு, இரண்டாவது ஆயிலின் புகழைச் சில நாள் பாடிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மாலையில் முதல் ஆயிலையே மீண்டும் ஊற்றி ஓட்டியபோது, அதுவும் அதே அளவு பெட்ரோலைத்தான் குடித்தது. நான் ஒப்பிட்டது இரண்டு ஆயில்களை அன்று, இரண்டு வானிலைகளை.

வானிலை ஒருபுறம் இருக்க, ஓட்டும் வரிசையும் ஏமாற்றும். புதிதாகவோ, ரிங் மாற்றிப் புதுப்பிக்கப்பட்டதாகவோ உள்ள என்ஜினின் உராய்வு, ஓட ஓடக் குறைந்துகொண்டே போகும். இந்த வகை என்ஜினுக்கு முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்திலும், அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் என்று விதித்திருப்பதன் காரணமே, தொடக்கத்தில் உதிரும் உலோகத்தூள் அதிகம் என்பதுதான். இப்படி ஒவ்வோர் ஓட்டத்துக்கும் என்ஜின் 2 கிராம் வீதம் முன்னேறுவதாகக் கொள்வோம். உண்மையில் வேறுபாடே இல்லாத இரண்டு ஆயில்களை, முதலாவதை இருமுறை, பிறகு இரண்டாவதை இருமுறை என்று ஓட்டினால் 500, 498, 496, 494 என்று வரும். முதலாவதின் சராசரி 499. இரண்டாவதின் சராசரி 495. இரண்டாவது ஆயில் 4 கிராம் சிறந்தது என்ற பொய் முடிவு பிறந்துவிட்டது. அதே நான்கு ஓட்டங்களை முதலாவது, இரண்டாவது, இரண்டாவது, முதலாவது என்ற வரிசையில் வைத்தால், முதலாவதின் எண்கள் 500-உம் 494-உம்; இரண்டாவதின் எண்கள் 498-உம் 496-உம். இரண்டுக்கும் சராசரி 497. செலவில்லாமல், வரிசையை மாற்றியதாலேயே ஒரு பொய் மறைந்துவிடுகிறது. கருவி வாங்கக் கையில் பணம் இல்லாதவர்கள் இந்த ஒரு பழக்கத்தையாவது கைக்கொள்ளலாம்.

வரிசையின் கடைசியில் முதல் ஆயிலுக்குத் திரும்புவதால் மற்றொரு நன்மையும் உண்டு. ஆயிலை வடித்தாலும் கிராங்க் கேஸின் மூலைகளில் கொஞ்சம் தங்கும். 600 மில்லியில் 50 மில்லி தங்கினால், அடுத்த ஆயிலில் பன்னிரண்டில் ஒரு பங்கு பழையது. புதிய ஆயிலை ஊற்றிச் சற்று நேரம் ஓட்டி வடித்துவிட்டு, மறுபடி புதிதாக நிரப்பினால், மிச்சம் 144-இல் ஒரு பங்காகக் குறையும், விழுக்காட்டில் 0.7. ஆகவே ஒவ்வோர் ஆயிலுக்கும் இரண்டு நிரப்பலுக்கு வேண்டிய அளவு வாங்க வேண்டும். இருந்தும் சில சேர்மானங்கள் உலோகத்தின் மேல் படிந்துவிடுவதால், ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் அவை உடனே நீங்குவதில்லை. முதல் ஆயிலுக்குத் திரும்பிய பிறகும் பழைய எண் திரும்பவில்லை என்றால், இரண்டாவது ஆயில் தன் சுவட்டை விட்டுச் சென்றிருக்கிறது என்றோ, என்ஜினே மாறிவிட்டது என்றோ ஐயப்பட இடம் உண்டு.

இது வீட்டுப் பட்டறைக்கான சிக்கன முறை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஆயில்களின் எரிபொருள் சேமிப்பை அளக்கும் சீக்வென்ஸ் 6 வரிசைச் சோதனைகளிலும், மதிப்பிடப்படும் ஆயிலுக்கு முன்னும் பின்னும் ஒரு குறிப்பிட்ட அடிப்படை ஆயிலை ஓட்டி, அதனோடு ஒப்பிட்டே முடிவு சொல்கிறார்கள். அதுமட்டுமன்றி, ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் சோதனைக் கண்காணிப்பு மையம், முடிவு ஏற்கெனவே தெரிந்த ஆயில்களைக் குறியீட்டு எண் மட்டும் இட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. எந்த ஆயில் என்று அறியாமலேயே அந்த ஆய்வகத்தின் என்ஜின் சரியான எண்ணைத் தந்தால்தான், அங்கே செய்யப்படும் பிற சோதனைகள் ஏற்கப்படும். வீட்டிலும் இதைச் செய்யலாம். இரண்டு ஆயில்களையும் ஒரே மாதிரியான குப்பிகளில் ஊற்றி எண்ணிடும் வேலையை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, எல்லா எண்களையும் எழுதி முடித்த பிறகு எது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய ஆயிலின் மேல் நமக்கு உள்ள பாசம், தராசின் முள்ளைக்கூட அசைக்க வல்லது.

உராய்வை நேராக அளக்கும் வழி

பெட்ரோலை அளப்பதில் உள்ள குறை என்னவென்றால், பெரிய எண்ணுக்குள் சிறிய எண்ணைத் தேட வேண்டியிருப்பதுதான். உராய்வை மட்டும் தனியே பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, பளுவை நீக்கி, 3000 சுற்றில் ஓடும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, அது முழுவதும் நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பது. ஃபிளைவீலிலும் ஆல்டர்னேட்டரின் சுழலியிலும் சேமித்த ஆற்றல் முழுவதையும் உராய்வும் காற்றின் எதிர்ப்புமே தின்று தீர்க்கின்றன. எனவே உராய்வு குறைந்தால் நிற்கும் நேரம் நீளும். கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்து, கணினியில் அந்த அலைவடிவத்தைப் பார்த்தால், கை கடிகாரத்தைவிடத் துல்லியமாக அளக்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வேகம் குறைந்ததும் கவர்னர் கார்புரேட்டரின் கதவைத் திறக்கப் பார்க்கும் என்பதால், அது ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் இருக்குமாறு செய்ய வேண்டும். ஒரே நாளில் இருபது முறை செய்துவிடக்கூடிய சோதனை என்பதால், நடுக்கத்தைச் சராசரியில் கரைப்பது இதில் எளிது. எனக்கு இருக்கும் நேரத்தையும் பெட்ரோலையும் எண்ணிப் பார்த்தால், இதையே முதலில் செய்யச் சொல்வேன்.

தேய்மானத்தைப் பற்றி

இதுவரை சொன்னவை அனைத்தும் உராய்வைப் பற்றியவை. ஆயில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் அறிய விரும்புவதோ, எந்த ஆயிலில் என்ஜின் நீண்ட காலம் உழைக்கும் என்பதை. இங்குதான் வீட்டுச் சோதனை திணறுகிறது. பயன்படுத்திய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் கலந்துள்ள இரும்பின் அளவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். 0.6 லிட்டர் ஆயிலின் எடை ஏறத்தாழ 520 கிராம். அதில் பத்து லட்சத்தில் 10 பங்கு இரும்பு என்பது வெறும் 5 மில்லிகிராம். முந்தைய ஓட்டத்தில் மூலையில் தங்கிய தூளோ, கழன்ற ஒரு போல்ட்டின் துருவோ அந்த எண்ணை மாற்றிவிடப் போதுமானது. மேலும், பெரிய துகள்களை அந்தச் சோதனை சரிவரக் காண்பதில்லை.

ஆய்வகங்களிலும் தேய்மானம் இத்தகைய நுண்ணிய அளவிலேயே பேசப்படுகிறது என்பது வியப்பூட்டும். சீக்வென்ஸ் 8 என்ற சோதனையில், சி.எல்.ஆர். எனப்படும் ஒற்றை சிலிண்டர் என்ஜினை 40 மணி நேரம் ஓட்டிவிட்டு, பேரிங்கின் எடை எவ்வளவு குறைந்தது என்று நிறுத்துப் பார்ப்பார்கள், எஸ்.எம். என்ற ஆயில் தரத்துக்கு அனுமதிக்கப்பட்ட இழப்பு 26 மில்லிகிராம். ஒற்றை சிலிண்டர் என்ஜின் என்பதாலேயே ஒரு சோதனை இழிந்ததாகிவிடாது என்பதற்கும் இது சான்று. வேறுபாடு, அந்த என்ஜினைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டில் இருக்கிறது.

பொருட்காட்சிகளிலும் கடைவாசல்களிலும், சுழலும் வளையத்தின் மேல் ஓர் உருளையை நெம்புகோலால் அழுத்தி, ஒரு ஆயிலில் அது அலறி நிற்பதையும், தங்கள் ஆயிலில் அமைதியாகச் சுழல்வதையும் காட்டுவார்கள். காட்சி என்ற அளவில் அது நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே உலோகத்தின் மேல் உள்ள அழுத்தம், ஆரோக்கியமான என்ஜினுக்குள் இருக்கும் எதற்கும் ஒப்பானதன்று. குளோரின் கலந்த சில சேர்மானங்கள் அந்தக் கருவியில் வியக்கத்தக்க வெற்றி பெறும். என்ஜினுக்குள் அவையே அமிலமாகி பேரிங்கை அரிக்கக்கூடும். ஜெனரேட்டர் என்ஜின் எவ்வளவு எளியதாக இருந்தாலும், அதற்குள் உண்மையான தீயும் உண்மையான பிஸ்டனும் இருப்பதால், அந்தக் கருவியைவிட அது நேர்மையானது.

முடிவை எழுதும் விதம்

ஜெனரேட்டரில் கிடைத்த முடிவை அப்படியே பைக்குக்குக் கொண்டுசெல்ல முடியாது. பெரும்பாலான பைக்குகளில் ஒரே ஆயில்தான் என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் கிளட்சுக்கும் செல்கிறது. கியர்ப் பற்கள், 20டபிள்யூ-40 போன்று குளிருக்கும் சூட்டுக்கும் இரு எண்கள் கொண்ட பல்தர ஆயில்களில் பாகுநிலையைத் தாங்கிப் பிடிக்கும் நீண்ட மூலக்கூறுகளை நறுக்கிவிடுகின்றன. ஆயில் நாளடைவில் தன் வகையிலிருந்தே இறங்கிவிடுகிறது. கிளட்ச் வழுக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பைக் ஆயில்களுக்கு ஜேசோ எம்.ஏ. என்ற தனித் தரம் இருக்கிறது. நமது என்ஜினில் கியர்பெட்டியும் இல்லை, கிளட்சும் இல்லை. ஆயில் பம்போ வடிகட்டியோகூட இல்லை. இல்லாத பாகத்துக்கு எந்த ஆயில் நல்லது என்று ஓர் என்ஜினால் சொல்ல இயலாது.

ஆகவே குறிப்பேட்டில் "இந்த ஆயில் சிறந்தது" என்று எழுதுவதற்குப் பதிலாக, நான் பின்வருமாறு எழுதுகிறேன்: எந்த என்ஜின், இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, பளு எத்தனை வாட், ஆயில் எந்த வெப்பநிலையில் நிலைத்தது, காற்றின் வெப்பநிலை என்ன, பெட்ரோல் எந்த நாள் வாங்கியது, ஒவ்வோர் ஆயிலையும் எந்த வரிசையில் எத்தனை முறை ஓட்டினேன், ஒரே ஆயிலின் எண்கள் தமக்குள் எவ்வளவு வேறுபட்டன, இரண்டு ஆயில்களின் சராசரிகள் எவ்வளவு வேறுபட்டன. கடைசி இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதுகிறேன். இரண்டாவது எண் முதலாவதைவிடச் சிறியதாக இருக்கும் பக்கங்களே என் குறிப்பேட்டில் மிகுதி. அப்படிப்பட்ட ஆயில்களுள், என்ஜினின் கையேடு கேட்கும் பாகுநிலையும் தரக்குறியீடும் கொண்டு, விலை குறைவாக உள்ளதை வாங்கிக்கொள்கிறேன். வடித்த ஆயிலை மண்ணில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவர் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.